டயர் விளக்கும் கழற்றி மாட்டிய பாட்டரியும்

ஆண்டிற்கு இருமுறை நம் சங்கத்து அன்பர்களின் வீடுகளில் பூட்டுத் தொங்குகின்றது. கோடை விடுமுறையில் ஒருமுறை. ஜனவரியில் தில்லிப் பள்ளிகள் குளிரை முன்னிட்டு மூடப்படும் நாட்களில், பொங்கலை ஒட்டி, இன்னொரு முறை. குடும்பம் முழுவதும் ரயிலேறி ஊர் சென்றுவிட, கார் மட்டும் குடியிருப்பின் கீழே தூசி போர்த்து நின்றுகொண்டிருக்கும். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து சாவியைத் திருகினால், வண்டி ஒரு முனகல் முனகிவிட்டு ஓய்ந்துவிடும். இவ்வனுபவத்தை ஒருமுறை பெற்றவர்கள், அடுத்த முறை புறப்படுமுன் பாட்டரியின் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள். நல்ல வழக்கமே. ஆயினும் திரும்பி வந்து கம்பியை மாட்டி, வண்டியைக் கிளப்பியதும் புதியதொரு கவலை தோன்றுகின்றது. குதிரை லாடம் போன்ற வளைவுக்குள் ஓர் ஆச்சரியக்குறி பொறித்த மஞ்சள் விளக்கு டேஷ்போர்டில் எரியத் தொடங்குகின்றது. டயரின் காற்றழுத்தம் குறித்த எச்சரிக்கை விளக்கு அது.

சென்ற மாதக் கூட்டத்தின்போது அன்பர் ஒருவர் இது பற்றி என்னிடம் கேட்டார். “பாட்டரியைக் கழற்றியதனால் சென்சாரின் ஞாபகம் அழிந்து போயிற்று, சார். அதை ரீசெட் செய்யும் பட்டன் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், போதும்” என்றார். பட்டன் இருக்கும் இடத்தைச் சொல்வது எளிது. ஆனால் அவர் கூறியதில் முற்பகுதி பெரும்பாலும் உண்மையன்று. பிற்பகுதியோ, அவர் எண்ணிய வண்ணமே செய்தால், ஆபத்தாக முடியும். ஆகையால் இம்மாதப் பகுதி முழுவதையும் இவ்விஷயத்திற்கே ஒதுக்கியுள்ளேன்.

முதலில் பாட்டரியைக் கவனிப்போம். நிற்கும் கார் உறங்குவதாக நாம் எண்ணுகிறோம். அது அரைத் தூக்கமே. திருட்டைத் தடுக்கும் எச்சரிக்கை மணி, சாவியின் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் பூட்டு, கடிகாரம், உள்ளே பல இடங்களில் பொருத்தப்பட்ட சிறு கணிப்பொறிகள் ஆகியவை சொட்டுச் சொட்டாக மின்சாரத்தைப் பருகிக்கொண்டே இருக்கின்றன. இவையெல்லாம் சேர்ந்து 40 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 30 நாட்களில், அதாவது 720 மணி நேரத்தில், ஏறத்தாழ 29 ஆம்பியர் மணி செலவாகிவிடும். சிறு கார்களில் உள்ள பாட்டரியின் கொள்ளளவே 35 முதல் 45 ஆம்பியர் மணிதான். அதுவும் மூன்று கோடைகளைக் கண்ட பாட்டரியாயின் மிச்சம் என்ன இருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

கழற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை நிறுத்தி, உள்ளிருக்கும் கணிப்பொறிகள் அடங்குவதற்குச் சில நிமிடங்கள் அவகாசம் கொடுத்து, சாவியை வண்டிக்கு வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, மைனஸ் கம்பியை முதலில் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதையே கடைசியாக மாட்ட வேண்டும். வண்டியின் இரும்பு உடல் முழுவதும் மைனஸோடு இணைந்திருப்பதே இதற்குக் காரணம். மைனஸ் மாட்டியிருக்கையில், பிளஸ் முனையில் வைத்த ஸ்பேனர் தவறித் தகட்டில் பட்டால் பொறி பறக்கும். கையும் வெந்து போகும். டிக்கி மின்சாரத்தால் மட்டுமே திறக்கும் வண்டிகள் பல உண்டு. அவற்றில் பெட்டி படுக்கைகளை எடுத்த பிறகே கம்பியில் கை வைக்க வேண்டும்.

இனி, டயரின் காற்றை அளக்கும் ஏற்பாட்டிற்கு வருவோம். இதில் இரு வகைகள் உண்டு. நம்முடையது எது என்று அறியாமல் எதுவும் செய்யலாகாது.

முதல் வகையில், ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும், காற்றடிக்கும் வால்வின் அடியில், ஒரு சிறு சென்சார் அமர்ந்திருக்கின்றது. அதற்குத் தனியாகவே ஒரு சிறு பாட்டரி உண்டு. டயருக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து, 433 மெகாஹெர்ட்ஸ் அளவான வானொலி அலைகளின் மூலம் வண்டிக்கு அது செய்தி அனுப்புகின்றது. தன் பாட்டரியைச் சிக்கனம் செய்வதற்காக, சக்கரம் சுழலாதபோது பெரும்பாலும் உறங்கிவிடும். இவ்வகை பொருத்திய வண்டிகளில் ஒவ்வொரு டயரின் அழுத்தமும் எண்ணாகத் திரையில் தெரியும். ஹூண்டாய், கியா வண்டிகளில் ‘ஹைலைன்’ என்று பெயரிட்டு விற்பது இதுவே.

இரண்டாவது வகையில் சக்கரத்திற்குள் எதுவும் இல்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். ஏற்பாட்டிற்காக, ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் எண்ணும் கருவிகள் ஏற்கெனவே வண்டியில் உள்ளன. காற்றுக் குறைந்த டயர் சற்றே அமுங்கி நிற்பதனால் அதன் ஆரம் குறைகின்றது. ஆரம் குறைந்த சக்கரம் அதே தூரத்தைக் கடக்கச் சிறிது வேகமாகச் சுழல வேண்டியிருக்கின்றது. இவ்வேற்றுமையைக் கண்டு வண்டியின் கணிப்பொறி விளக்கை ஏற்றுகின்றது. இதில் அழுத்தத்தின் எண் திரையில் வராது. விளக்கு மட்டுமே உண்டு. ஸ்கோடா குஷாக், வோக்ஸ்வாகன் டைகுன் முதலிய வண்டிகளில் இருப்பது இவ்வகை. செலவு குறைந்த, புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் அதற்கு ஒரு பெருங்குறை உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

கார் பாட்டரியின் கம்பியைக் கழற்றினால் இவற்றிற்கு என்ன நேரும்? முதல் வகையில் சக்கரத்துள் இருக்கும் சென்சாருக்கு ஒன்றும் நேராது. அதன் மின்சாரம் அதனிடமே இருக்கின்றது. எந்தெந்தச் சென்சார் தன்னுடையது என்ற குறிப்பை, மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில்தான் வண்டியும் பெரும்பாலும் வைத்திருக்கின்றது. கம்பியை மாட்டியவுடன் திரையில் எண்களுக்குப் பதிலாகச் சிறு கோடுகள் தோன்றும். சில வண்டிகளில், ஓட்டினால்தான் காட்டும் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். இதைக் கண்டு கலங்க வேண்டுவதில்லை. காற்றைச் சரிபார்த்த பின், அக்கம்பக்கத்துச் சாலைகளில் பத்து இருபது நிமிடங்கள் ஓட்டினால் சென்சார்கள் விழித்துச் செய்தி அனுப்பும். எண்கள் தாமே வந்துவிடும். இரண்டாவது வகையிலும் முன்பு கற்ற அளவு பெரும்பாலும் அழிவதில்லை. சில வண்டிகளில் மட்டும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் விளக்கு ஏன் எரிகின்றது? பல வீடுகளில் காரணம் மிக எளியது: காற்று உண்மையாகவே குறைந்திருக்கின்றது!

எந்த டயரும் காற்றை முற்றும் அடைத்து வைப்பதில்லை. ரப்பரின் ஊடாகவும் வால்வின் வழியாகவும் மாதம் ஒன்றுக்கு ஒன்று இரண்டு பவுண்டு வரை கசிவது இயல்பு. (ஒரு சதுர அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு என்பதையே கடைகளில் வெறுமனே பவுண்டு என்று சொல்லி வருகிறோம்.) இதனோடு வட இந்தியாவின் பருவ மாற்றத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் டயரின் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரைப் பவுண்டு குறையும். 40 டிகிரி வெயிலில் 33 பவுண்டு அடித்த டயர், காற்று ஒரு துளியும் கசியாவிடினும், 5 டிகிரியுள்ள ஜனவரி விடியற்காலையில் 28 பவுண்டுதான் காட்டும். கசிவையும் சேர்த்தால் 26-க்கும் வந்துவிடலாம். சென்னையிலும் மதுரையிலும் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இவ்வேற்றுமை புதிது. அங்கே பகலும் இரவும் மார்கழியும் சித்திரையும் இவ்வளவு தூரம் விலகி நிற்பதில்லை.

இப்பொழுது அந்தப் பெருங்குறைக்கு வருகிறேன். இரண்டாவது வகை ஏற்பாடு ஒரு சக்கரத்தை மற்றச் சக்கரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தே குறையை அறிகின்றது. ஓர் ஆணி குத்தி ஒரு டயர் மட்டும் இளைத்தால் அது உடனே கண்டுகொள்ளும். ஒரு மாதம் நின்ற வண்டியிலோ நான்கு டயர்களும் ஒரே சீராக இளைக்கின்றன. நால்வரும் ஒரே அளவு இளைத்தால் ஒப்பிட்டுச் சொல்வதற்கு யாரும் இல்லை. ஆகவே விளக்கு எரியாமலே இருந்துவிடவும் கூடும். எரியும் விளக்கைக் கண்டு அஞ்சுகிறவர்கள் எரியாத விளக்கையும் சற்று ஐயுற வேண்டும் என்பது என் கருத்து. ரயில்வேயில், எரிய வேண்டிய சிக்னல் விளக்கு அணைந்து கிடந்தால் அதை ‘வழி உண்டு’ என்று கொள்ளக்கூடாது. அது காட்டக்கூடியவற்றுள் மிகுந்த தடையைக் காட்டுவதாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. கார் ஓட்டுவோருக்கும் இவ்விதி பொருந்தும்.

அடுத்து, பட்டன். இரண்டாவது வகை வண்டியில் ‘செட்’ என்பதை அழுத்துவதன் பொருள் யாது? விளக்கை அணைப்பது என்று நம்மவர் எண்ணுகின்றனர். உண்மையில், ‘இப்பொழுது டயர்களில் இருக்கும் காற்றே சரியான அளவு, இதை மனத்தில் வைத்துக்கொள்’ என்று நாம் வண்டிக்குச் சொல்கிறோம். வண்டி நம் சொல்லை நம்பிவிடுகின்றது. 33 பவுண்டு இருக்க வேண்டிய டயர்கள் 26-ல் நிற்கும்போது அதை அழுத்தினால், 26-ஏ அளவு என்று அது கற்றுக்கொள்ளும். அதிலிருந்து மேலும் கால் பங்கு குறைந்து 20-ஐ நெருங்கினால்தான் மறுபடியும் விளக்கை ஏற்றும். 20 பவுண்டில் ஐந்து பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவது என்பது டயரைத் தெரிந்தே தீயில் இடுவதாகும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கின்றது. மடிதலால் சூடு பிறக்கின்றது. சூட்டினால் உள்ளிருக்கும் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. பிறகு வெடிப்புத்தான்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. இவ்விளக்கு கட்டாயமான கதையே இதுதான். அமெரிக்காவில் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்தில் தோல் உரிந்து, வண்டிகள் கவிழ்ந்து, பலர் மாண்டனர். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரின் குற்றமா, வண்டியின் குற்றமா என்று இரு நிறுவனங்களும் வாதிட்டுக்கொண்ட போது எழுந்த விஷயங்களில் ஒன்று, ஃபோர்ட் குறித்திருந்த 26 பவுண்டு அழுத்தம் போதுமா என்பதாகும். அவ்வாண்டு நவம்பரிலேயே அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் விளைவாக, 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்கப்படும் எல்லாப் புதுக் கார்களிலும் இவ்வெச்சரிக்கை விளக்கு கட்டாயமாயிற்று. குறித்த அளவில் கால் பங்கு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது அங்குள்ள விதி. நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு வெளியான விதித் திருத்தம் வேறு வகையானது. டியூப் இல்லாத டயர்களும், இவ்விளக்கும், ஓட்டையை அடைக்கும் சாதனமும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி வேண்டுவதில்லை என்று அது கூறுகின்றது. ஆகவே புதுக் கார் வாங்குவோர் டிக்கியின் அடியைத் தூக்கிப் பார்த்துவிடுவது நன்று.

ஊரிலிருந்து திரும்பும்போது பெற்றோரையும் உடன் அழைத்து வருவது நம் குடும்பங்களில் உள்ள வழக்கம். அவர்கள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே மதுராவையும் பிருந்தாவனத்தையும் காட்டிவர யமுனா எக்ஸ்பிரஸ் சாலையில் புறப்படுகிறோம். 2012-ல் திறக்கப்பட்ட அச்சாலை 165 கிலோமீட்டர் நீளம், கான்கிரீட்டால் ஆனது, டயர் வெடிப்பு விபத்துக்களுக்குப் பெயர் போனது. ஒரு மாதம் நின்ற வண்டி, நிறைந்த பாரம், நீண்ட வேகம் ஆகிய மூன்றும் அன்றைய தினத்தில்தான் ஒன்றாகச் சேருகின்றன. எனவே காற்றைப் பார்ப்பது அன்று காலையில் வழியில் செய்யும் காரியமாக இராமல், முதல் நாளே செய்யும் காரியமாக இருக்கட்டும்.

காற்றைக் குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும். குளிர்ந்தது என்றால், மூன்று மணி நேரமாவது நின்றிருந்த டயர் என்று பொருள். உரிய அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய சீட்டில் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். இருவர் போகும்போது வேண்டிய அளவும், பாரம் நிறைந்தபோது வேண்டிய அளவும் வேறு வேறாக அதில் குறித்திருந்தால், பிருந்தாவனப் பயணத்திற்கு இரண்டாவதையே கொள்க. டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எண் அது தாங்கக்கூடிய மேல் எல்லை. அடிக்க வேண்டிய அளவன்று. சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஒரு கேஜ் வீட்டில் இருப்பது அவசியம். வீட்டில் அளந்தபோது 27 இருந்தது, வேண்டியது 33 என்றால் குறை 6. பெட்ரோல் பங்க் தொலைவில் இருந்தால், அங்கே போய்ச் சேர்வதற்குள் டயர் சூடேறி 30 காட்டும். அங்கே 33-க்கு நிரப்பினால் பற்றாது. 30-உடன் அந்த 6-ஐக் கூட்டி 36-க்கு நிரப்ப வேண்டும். சூடான டயர் அதிகம் காட்டுகின்றது என்று காற்றை இறக்கிவிடுவது அறவே கூடாது.

பங்க்கில் காற்று இலவசமாகத் தரப்பட வேண்டியது, கேட்டுப் பெறலாம். ஆனால் கேட்பதிலும் ஒரு சங்கடம் இருக்கின்றது. இந்தியில் 33 என்பது ‘தைந்தீஸ்’, 35 என்பது ‘பைந்தீஸ்’. இத்தனை ஆண்டுகள் தில்லியில் வாழ்ந்தும் நம்மவர் நாவிலும் செவியிலும் இவை இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. கம்ப்ரஸர் இரைச்சலில் பங்க்காரருக்கும் அப்படியே. ‘தர்ட்டி த்ரீ’ என்று சொல்லிவிடுவதே உத்தமம். அவரும் அதையே விரும்புகிறார். நைட்ரஜன் அடிக்கக் காசு கேட்டால், நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 100-க்கு 78 பங்கு நைட்ரஜன்தான் என்பதை நினைவிற் கொள்க. அதற்குச் செலவிடும் பணத்தை ஒருமுறை கேஜ் வாங்கச் செலவிட்டால் போதும்.

நான்கு டயர்களும், இருந்தால் ஸ்டெப்னியும், சரியான அளவுக்கு வந்த பின்னரே ரீசெட். முதல் வகை வண்டியில் பெரும்பாலும் எதையும் அழுத்த வேண்டியதில்லை, ஓட்டினால் போதும். இரண்டாவது வகையில், வண்டியை நிறுத்தி, திரையின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் டயர் என்னும் தலைப்பின் கீழ் ‘செட்’ என்பதை அழுத்தி உறுதி செய்ய வேண்டும். சில வண்டிகளில் ஸ்டியரிங்கின் அருகே தனிப் பட்டனாகவே அது இருக்கும். சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் விளக்கு மின்னி ஏற்றுக்கொள்ளும். சரியான இடம் வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கின்றது. பிறகு சிறிது தூரம் வழக்கம்போல் ஓட்டினால், புதிய அளவை அது கற்றுக்கொள்ளும்.

இத்தனையும் செய்த பின்னரும் விளக்கு அணையாவிடில் அது எரியும் விதத்தைக் கவனிக்க வேண்டும். தொடர்ந்து அமைதியாக எரிந்தால் காற்று எங்கோ குறைகின்றது. பஞ்சர் கடைக்குச் செல்க. வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போல மின்னி மின்னிப் பிறகு நிலையாக எரிந்தால், ஏற்பாட்டிலேயே கோளாறு. முதல் வகை வண்டி ஐந்து முதல் பத்து ஆண்டுகள் பழகியதாயின், ஏதோ ஒரு சக்கரத்தினுள் உள்ள சிறு பாட்டரி தீர்ந்திருக்கக்கூடும். அது சென்சாருக்குள்ளேயே வைத்து மூடப்பட்டிருப்பதால் சென்சாரையே மாற்ற வேண்டும். புதியதை வண்டிக்கு அறிமுகப்படுத்த மெக்கானிக்கிடம் தக்க கருவி தேவை. அக்கருவியால் எச்சரிக்கைக் குறியை அழித்து விளக்கை அணைத்துக் காட்டுவது ஒரு நிமிட வேலை. அழித்ததோடு நிறுத்திவிட்டாரா, காரணத்தைக் கண்டாரா என்று நின்று கேட்க வேண்டும்.

கம்பியை மாட்டியபின் வேறு சில விளக்குகளும் தோன்றலாம். வண்டி சறுக்குவதைத் தடுக்கும் ஏற்பாட்டின் விளக்கு, ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசி வரை ஒருமுறை திருப்பிச் சிறிது தூரம் நேராக ஓட்டினால் பல வண்டிகளில் அணைந்துவிடும். ஒரே தொடுதலில் ஏறும் கண்ணாடி அவ்வாறு ஏறாவிடில், பட்டனை இழுத்து மேலே ஏற்றி இரண்டொரு விநாடி அப்படியே பிடித்தால் பழைய நிலைக்கு வரும். இவற்றை டயர் விளக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பழைய கார்களுக்கென்று, வால்வின் மூடிக்குப் பதிலாகத் திருகி வைக்கும் சென்சார்களும், வெயிலில் மின்சாரம் பெறும் ஒரு சிறு திரையும் சேர்ந்த சாதனம் கடைகளில் கிடைக்கின்றது. நம் அன்பர்கள் சிலரும் வாங்கியிருக்கின்றனர். அதற்கும் கார் பாட்டரிக்கும் சம்பந்தமே இல்லையாதலால், கம்பியைக் கழற்றினாலும் அதில் ஒரு மாறுதலும் வராது. மூடியினுள் உள்ள பொத்தான் அளவுப் பாட்டரியை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு மூடியிலும் அது எந்தச் சக்கரத்திற்கு உரியது என்று குறித்திருப்பார்கள். காற்றடிக்கக் கழற்றும்போது நான்கையும் ஒரே சட்டைப் பையில் போட்டு, கைக்கு வந்ததை வந்த இடத்தில் திருகிவிட்டால், முன் சக்கரத்தின் குறையைத் திரை பின் சக்கரத்தில் காட்டும்.